உள்கால் அளவு

சனிக்கிழமை காலை ஒன்பதே காலுக்கே சந்திரசேகரன் ஷூ போட்டுக்கொண்டு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். சைக்கிள் கடை பதினொன்றுக்குத்தான் திறக்கும்.

அவன் மனைவி திரிபுரசுந்தரி தையல் மெஷினில் இருந்தாள். பள்ளிக்கூடம் திறந்து பத்து நாள் ஆகியிருந்தது. சைனிக்புரியில் அவர்கள் தெருப் பிள்ளைகளின் யூனிபார்ம் எல்லாம் பக்கத்துக் கட்டிலை மூடிக் கிடந்தது. போன வருஷத்துத் துணிகள். வளர்கிற பிள்ளைகளுக்கு அடியில் இரண்டு அங்குலம் உள்ளே மடித்துத்தான் தைப்பது. ஜூன் வந்தால் மடிப்பைப் பிரித்து இறக்க வேண்டும். பிளேடு முனையை நூலுக்குள் விட்டு இழுப்பாள். உள்ளே இருந்த துணி வெளுக்காமல் புதிதாக இருக்கும்.

"இப்பவே கைக்கு ஷூ?" என்றாள், தலையைத் தூக்காமல்.

"கெளம்ப வேணாமா?"

"கடை லெவனுக்குத் தொறப்பாங்க."

"நீ அந்தக் குமியல முடிக்கிறதுக்குள்ள பன்னெண்டு ஆயிரும். நான் மட்டும் போயிட்டு வந்துர்றேன்னுதான் சொன்னேன். நீதான் கூட வரணும்னு நிக்கிற."

"ஹவ். வர்றேன்னா வர்றேன்."

அவன் மதுரைக்காரன். வேலைக்காக ஹைதராபாத் வந்தவன். கல்யாணமான புதிதில் அவள் ஹைதராபாத் பேச்சில் எதற்கு என்பதற்குக் 'கைக்கு' என்றாலும், ஆமாம் என்பதற்கு 'ஹவ்' என்றாலும் சிரிப்பான். இப்போது சிரிப்பதில்லை.

அவள் ஷூவைப் பார்த்தாள். அலுவலகத்துக்குப் போடுகிறது இல்லை. போன வாரம் வாங்கியது, அடி தடித்தது. எவ்வளவு தடிமன் என்று பார்வையிலேயே தெரிந்தது. ஒன்றேகால் அங்குலம்.

முதல் சைக்கிள் ராகவேந்திரா கொடுத்தது. ராகவேந்திரா அவனோடு ஒரே டீமில் வேலை பார்த்தவன், ஆறடி ஆள். அமெரிக்காவுக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனான். மலைப்பாதையில் ஓட்டுகிற சைக்கிள். தடித்த டயர், உயரமான பார். சர்க்கரை ஏறியிருக்கிறது, தினமும் நடங்கள் என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷம் நடக்காதவன், சைக்கிள் வந்ததும் விடியுமுன்பே எழ ஆரம்பித்தான்.

சமையலறை ஜன்னல் வழியாகச் சுந்தரி பார்ப்பாள். சைக்கிளை வாசல் படியோரம் கொண்டுவந்து நிறுத்துவான். படியில் நின்றுகொண்டு காலைத் தூக்கிப் போடுவான். திரும்பி வந்தாலும் படியோரம் வந்துதான் இறங்குவான். தெரு நடுவில் அவன் ஒரு நாளும் நின்று அவள் பார்த்ததில்லை.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அவனை ஆட்டோவில் வீட்டுக்குக் கூட்டிவந்தவன் ஒரு லாரி கிளீனர். போவன்பள்ளி மார்க்கெட்டுக்கு முட்டைக்கோஸ் ஏற்றி வந்த லாரி. முன்னால் போன ஆட்டோ சட்டென்று நின்றதாம். சார் பிரேக் பிடித்தாராம். ஊன்றப் பார்த்தாராம். "காலு அந்தலேதம்மா" என்றான் அந்தப் பையன் தெலுங்கில். கால் எட்டவில்லை. கவட்டையில் பார் இடித்து, சாலை நடுவில் சாய்ந்திருக்கிறான். லாரி அவன் தலைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. சைக்கிளின் பின்சக்கரம் லாரிக்கு அடியில் போய் எட்டாக வளைந்துவிட்டது.

"ரோட்டுல ஜல்லி கெடந்துச்சு, வழுக்கிருச்சு" என்று சந்திரசேகரன் எல்லாரிடமும் சொன்னான். ஆறு வாரம் கையில் மாவுக்கட்டு. ஒரு வாரம் காலை அகட்டி நடந்தான். அதற்கு மட்டும் யாரிடமும் காரணம் சொல்லவில்லை.

கட்டைப் பிரித்த மறுநாளே அடுத்த சைக்கிளைப் பற்றிப் பேசினான். ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி அலுவலகத்தில் பன்னிரண்டு பேர் ஷாமிர்பேட்டை ஏரி வரைக்கும் ஓட்டப் போகிறார்கள். எல்லாரும் இருபத்தைந்து, இருபத்தாறு வயதுப் பையன்கள். இவனுக்கு முப்பத்தெட்டு.

"வாங்குங்க. நான் வேணாம்னு சொல்லல" என்றாள் சுந்தரி. "நானும் கூட வருவேன். அங்க அளந்து பாத்துத்தான் வாங்கணும்."

"சைக்கிள என்னத்த அளக்கிறது."

"சைக்கிள இல்ல. உங்கள."

அன்று அவன் டீவியைப் போட்டான்.

அவளுக்கு அவன் அளவு தெரியும். கல்யாணமான மூன்றாம் நாளே தெரியும். ஜாதகத்தோடு அவன் அப்பா எழுதி அனுப்பிய தாளில் உயரம் ஐந்தடி எட்டு அங்குலம் என்று இருந்தது. பெண் பார்க்க வந்தபோது அவள் காபியோடு வரும்போதே அவன் உட்கார்ந்திருந்தான். அவள் உள்ளே போன பிறகுதான் எழுந்தான். மாலை மாற்றும்போது குனி, குனி என்று அவன் அத்தை பின்னால் இருந்து சொன்னாள். எல்லா மணப்பெண்ணும் குனிவதுதானே என்று அவள் குனிந்தாள். மூன்றாம் நாள் ஒரு ரெடிமேட் பேண்ட்டைக் கொண்டுவந்து மெஷின் மேல் வைத்தான்.

"கொஞ்சம் மடிச்சிரு."

"எவ்ளோ?"

"நீயே பாத்துக்க. வெட்டிறாத. உள்ள இருக்கட்டும்."

அவன் வேறு வேலை இருப்பதுபோல் வெளியே போய்விட்டான். கொடியில் கிடந்த அவன் பழைய பேண்ட்டை எடுத்து அளந்து பார்த்தாள். உள்கால், அதாவது கவட்டையிலிருந்து அடி வரைக்கும், இருபத்தெட்டரை. புதியது முப்பத்திரண்டு. மூன்றரை அங்குலத்தை உள்ளே மடித்துத் தைத்தாள். அன்றிலிருந்து பதிமூன்று வருஷமாக அப்படித்தான். அவனுடைய ஒவ்வொரு பேண்ட்டிலும் மூன்றரை அங்குலம் உள்ளே இருக்கிறது, யூனிபார்ம் பிள்ளைகளுக்கு இருப்பதுபோல. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில், இன்ஷூரன்ஸ் படிவத்தில் எல்லாம் ஐந்தடி எட்டு. அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

கேட்க முடியாததற்கு அவளிடம் ஒரு காரணம் இருந்தது. அவள் அப்பா கோவிந்தராஜன் திருமலகிரியில் பட்டாளத்துக்கு யூனிபார்ம் தைத்தவர். பெண்ணுக்கு இருபத்தேழு வயதாகியும் வரன் அமையவில்லை. நான்கு வருஷத்தை மடித்து உள்ளே வைத்து, வேறு பிறந்த தேதி போட்டு வேறு ஜாதகம் எழுதி வாங்கினார். அந்த ஜாதகம்தான் மதுரைக்குப் போனது. அதுதான் பொருந்தியது. அவன் பார்வையில் அவள் அவனைவிட இரண்டு வயது சின்னவள். நிஜத்தில் இரண்டு வயது பெரியவள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் டிரங்குப் பெட்டியில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருந்தது. இரண்டாயிரத்து ஆறில் கம்பெனி அவனை எட்டு மாதம் அமெரிக்காவுக்கு அனுப்பியது. அவளையும் கூப்பிட்டான். பாஸ்போர்ட்டுக்குச் சான்றிதழ் கேட்பார்கள். தொலைந்துவிட்டது என்றாள். அப்பாவைத் தனியாக விட முடியாது என்றாள். மகள் சுப்ரியா சின்னவள் என்றாள். அவன் தனியாகப் போய்விட்டு வந்தான்.

மார்ச் மாதம் அந்தக் கிளீனர் பையன் 'ஒரு முழம்' என்று கையால் காட்டியபோது அவள் மனதில் முதலில் வந்தது அந்த ஜாதகம்தான். நிஜ ஜாதகத்தைப் பார்த்திருந்தால் இவனுக்குப் பொருந்தியிருக்குமோ என்னவோ. யாரும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து சைக்கிள் என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்கு அந்த ஜாதகம் நினைவுக்கு வந்தது.

பத்தரைக்கு மெஷினை மூடினாள். கடைக்குக் கூட வரும் சுப்ரியாவோடு உட்கார்ந்து, சோள மாவு ஜொன்ன ரொட்டியும் பருப்பில் செய்த தக்காளிப் பப்பும் சாப்பிட்டார்கள். அவன் ஒரு ரொட்டியோடு எழுந்துவிட்டான். இஞ்சு டேப்பைச் சுருட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். எங்கே போனாலும் அது பையில் இருக்கும். இன்றைக்குத் தெரிந்தே போட்டாள்.

செகந்திராபாத் பக்கம் கார்க்கானா என்ற இடத்தில் இருந்தது கடை. வானம் மூடியிருந்தது, மழை இறங்கவில்லை. கடை வாசலில் இரண்டு படி. உள்ளே ரப்பர் வாசனை. சைக்கிள்கள் மரப்பலகை மேல் வரிசையாக நின்றன. கடைக்காரர் மகன் ராகேஷ் எதிரே வந்தான். செகந்திராபாத் தமிழன். கடையின் பின்பக்கத்தில் காதர் பாய் தரையில் உட்கார்ந்து ஒரு சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார். ஆம்பூர்க்காரர். வந்து முப்பது வருஷம் என்று அவராகவே சுந்தரியிடம் சொன்னார்.

"சார், ஹைட் எவ்ளோ?" என்றான் ராகேஷ்.

"ஃபைவ் எய்ட்."

சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையில் விரலை வைத்தான். "நைன்டீன். கண்ணை மூடிட்டு எடுக்கலாம் சார். ஒரே பீஸ்தான் இருக்கு. செவன்டீன், ஃபிஃப்டீன் எல்லாம் ஆர்டர் போட்டாத்தான். மூணு வாரம் ஆகும். வந்துட்டா ரிட்டன் எல்லாம் நக்கோ, எடுக்க மாட்டோம்."

"அது என்ன நைன்டீன்?" என்று சுந்தரி கேட்டாள்.

"ஃபிரேம் சைஸ் மேடம். பெடல் நடுவுலேர்ந்து சீட்டு மாட்டுற குழாய் மேல வரைக்கும், பத்தொம்பது இஞ்சு. பெரிய நம்பர்னா உயரமான ஆளுக்கு."

சீட்டுக்குக் கீழே குழாயில் 19 என்று ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. சந்திரசேகரன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூணு வாரம்னா ஜூலை பாதில வந்துடும். பதினஞ்சாம் தேதிக்கு டைம் இருக்கே" என்றாள்.

"எதுக்கு காக்கணும். ராகவேந்திரா வண்டியும் இதே சைஸ்தான். பழகுன சைஸ்."

"அதான் சொல்றேன்."

அவன் அவள் பக்கம் திரும்பவில்லை.

காதர் பாய் சக்கரத்தைச் சுழற்றிவிட்டுப் பேசினார். "சார்ட்டப் பாத்து வாங்காதீங்க சார். ஒரே உயரத்துல ரெண்டு பேரு இருப்பான். ஒருத்தனுக்கு உடம்பு நீளம், ஒருத்தனுக்குக் காலு நீளம். உள்கால் பாக்கணும். ஷூவக் கழட்டிட்டு செவுத்துல முதுகு வச்சு நில்லுங்க. ஒரு அட்டை புக்கக் கவட்டைல வச்சு, சீட்டுல உக்காந்தாப்புல மேல இறுக்கிப் புடிங்க. அங்கேர்ந்து தரை வரைக்கும் டேப்பு. ரெண்டு நிமிஷ வேலை."

"வேணாம் பாய். எனக்குத் தெரியும். முப்பத்திரெண்டு."

"முப்பத்திரெண்டா."

காதர் பாய் அவன் காலைப் பார்த்தார். ஷூவைப் பார்த்தார். மறுபடி சக்கரத்தைச் சுழற்றினார்.

"பாய், சாரே சொல்றார்ல" என்றான் ராகேஷ்.

"சொல்றாரு. நான் இல்லேங்கல. ரோட்டு வண்டின்னா பாருக்கு மேல ஒரு இஞ்சு காலி இருந்தாப் போதும். இது மலை வண்டி. கல்லு மேல ஏறும், பள்ளத்துல எறங்கும், நடுவுல நின்னுபுடும். ரெண்டு இஞ்சு, மூணு இஞ்சு காலி வேணும். இல்லாட்டி டக்குனு குதிக்கிறப்போ, பாரு வந்து... அம்மா இருக்காங்க. வேணாம்."

"அம்மாவுக்குத் தெரியும்" என்றாள் சுந்தரி.

ஹெல்மெட் அலமாரிப் பக்கம் நின்றிருந்த இரண்டு பையன்கள் சிரித்தார்கள். கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கியது. சந்திரசேகரன் அவர்களைப் பார்த்தான். பிறகு ராகேஷிடம், "ஓட்டிப் பாக்கலாமா?" என்றான்.

சைக்கிளைப் பலகையிலிருந்து இறக்கிப் படியோரம் நிறுத்தினார்கள். அவன் இரண்டாவது படியில் நின்று காலைத் தூக்கிப் போட்டான். கடையை ஒட்டிய சந்தில் மிதித்துப் போனான். சுந்தரி படியில் நின்றாள். சுப்ரியா அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பதினோரு வயது. அம்மா தமிழில் பேசினால் புரியும், பதில் ஹிந்தியில்தான் வரும்.

அவன் சந்து முனையில் திரும்பினான். நன்றாகத்தான் ஓட்டினான். முதுகு நேராக, முகம் கொஞ்சம் இளமையாக. ஒரு நிமிஷம் அவளுக்கே அது அவனுக்குப் பொருத்தமான சைக்கிள் மாதிரி தெரிந்தது.

அப்போது மெயின் ரோட்டிலிருந்து சந்துக்குள் ஒரு டெம்போ பின்புறமாக வந்தது. தக்காளிக் கூடைகள் அடுக்கியிருந்தன. அதை ஓட்டியவனுக்கு இவன் வருவது தெரியவில்லை. சந்திரசேகரன் பிரேக் பிடித்தான். சைக்கிள் நின்றது. சீட்டிலிருந்து முன்னால் சரிந்து இடது காலை நீட்டினான். ஷூவின் நுனி தரையைத் தேடியது. சந்து அந்த இடத்தில் சரிவாக இருந்தது.

"பைர் நீச்சே நை லக் ரே, மம்மி" என்றாள் சுப்ரியா மெல்ல. கால் கீழே படவில்லை.

சுந்தரி ஓடவில்லை. சுப்ரியாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவன் சாய்ந்தான். டெம்போவின் பக்கப் பலகையைக் கையால் பிடித்தான். மார்ச்சில் உடைந்த அதே கை. டெம்போ இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது. இரண்டு அடி அவனையும் சைக்கிளையும் இழுத்தது. காதர் பாய் எப்போது எழுந்து போனார் என்று தெரியவில்லை. டெம்போவின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். நின்றது. சீட்டைப் பிடித்து நிறுத்தினார். சந்திரசேகரன் இறங்கினான். கையை உதறிக்கொண்டான்.

"பிரேக்கு புதுசு. டைட்டா இருக்கு" என்றான்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு படிக்கு வந்தான்.

"ஓட்ட நல்லாத்தான் இருக்கு. பில் போடு ராகேஷ்."

ராகேஷ் மேஜைக்குப் பின்னால் போய் பில் புத்தகத்தைத் திறந்தான். பெயர் கேட்டான். சொன்னான். இரண்டு போன் நம்பர் கேட்டான். சொன்னான். சுந்தரி கைப்பைக்குள் கையை விட்டு டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேனா போய்க்கொண்டிருந்தது. ஒன்று, ஒன்பது என்று எழுதியது.

"இருபத்தெட்டரை" என்றாள்.

ராகேஷ் நிமிர்ந்தான். "என்ன மேடம்?"

"அவர் உள்கால். இருபத்தெட்டரை. முப்பத்திரெண்டு இல்ல. பதிமூணு வருஷமா நான்தான் மடிச்சுத் தைக்கிறேன்."

ஹெல்மெட் பையன்கள் இந்தப் பக்கம் திரும்பினார்கள். ராகேஷ் சுவரில் இருந்த அட்டவணையைப் பார்த்தான், சந்திரசேகரனைப் பார்த்தான். உதட்டில் வந்ததை அடக்கிக்கொண்டான். "அப்போ சார் ஹைட்டு..." என்று ஆரம்பித்து நிறுத்தினான்.

சந்திரசேகரனின் காது சிவந்தது. மேஜை விளிம்பில் வைத்திருந்த கையை எடுக்கவில்லை.

காதர் பாய்தான் பேசினார். கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார். "அது பேண்ட்டு அளவும்மா. சைக்கிளுக்கு ஆவாது."

"ஏன்?"

"பேண்ட்டு தரைக்கு மேல நிக்கும். கவட்டைலயும் நீங்க லூசு விட்டுத்தான் தைப்பீங்க. வெறுங்கால்ல, இறுக்கிப் புடிச்சு அளந்தா இருபத்தொம்பதரையும் வரும், முப்பதரையும் வரும். கொறைஞ்சா பதினஞ்சு. கூடுனா பதினேழு. பத்தொம்பது எப்படியும் இல்ல, அது வாஸ்தவம். ஆனா எதுன்னு ஆள் நின்னாத்தான் சொல்ல முடியும்."

பிறகு சந்திரசேகரனிடம், வேறு குரலில் சொன்னார். "ஷூவக் கழட்டுங்க சார். முடிச்சிருவோம்."

சந்திரசேகரன் கார் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனான்.

மழை லால்பஜார் சிக்னலில் பிடித்தது. வைப்பர் ஓடியது. சிக்னல் விழுந்தும் முன்னால் நின்ற பஸ் நகரவில்லை.

"தோ டாடி ஃபைவ் எய்ட் நஹீ ஹை?" என்று சுப்ரியா பின்சீட்டிலிருந்து கேட்டாள். அப்படியானால் அப்பா ஐந்தடி எட்டு இல்லையா.

சந்திரசேகரன் வைப்பரின் வேகத்தைக் கூட்டினான். சுப்ரியா ஜன்னல் கண்ணாடியில் விரலால் எதையோ எழுத ஆரம்பித்தாள்.

"அந்த ரெண்டு பயலும் எங்க பில்டிங்" என்றான் சந்திரசேகரன். "நாலாவது மாடி. அட்டையப் பாத்தேன்."

"ம்."

"திங்கக்கிழமை லிஃப்ட்டுல வருவானுங்க."

"லாரி கிளீனர் என்ன சொன்னான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். எனக்குந்தான் தெலுங்கு தெரியும்."

"தெரிஞ்சும் பில் போடச் சொன்னீங்க."

"நாலு பேர் நடுவுலதான் சொல்லணுமா? வீட்டுக்கு வந்து சொல்லக் கூடாதா?"

"வீட்டுல சொன்னா கேட்டிருப்பீங்களா?"

"சொல்லிப் பாத்தியா?" ஸ்டியரிங்கிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான். "பதிமூணு வருஷத்துல ஒரு தடவ. சும்மா, வெளாட்டுக்காவது. ஏங்க, நீங்க குட்டைதானன்னு ஒரு தடவ கேட்டிருக்கியா?"

பஸ் நகர்ந்தது. அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள்.

வீட்டுக்கு வந்ததும் சுப்ரியா மாடி வீட்டுக்கு விளையாடப் போய்விட்டாள். ஒரு தாய் யூனிபார்ம் வாங்க வந்தாள். மூன்று பாவாடை முடிந்திருந்தது, இரண்டு முடியவில்லை. "நாலு இஞ்சு வளந்துட்டா சுந்தரி, பாரு" என்று அந்த அம்மாள் வாசலில் நின்று சொன்னாள். சுந்தரி மடித்துப் பையில் போட்டுக் கொடுத்தாள். பப்பைச் சூடாக்கினாள். ரொட்டியைத் தட்டில் வைத்து மூடினாள். கூப்பிடவில்லை. அவன் மெஷின் அறையில், யூனிபார்ம்களைத் தள்ளிவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். ஷூ காலிலேயே இருந்தது. ஓரமெல்லாம் மழைச் சேறு.

மூன்று மணிக்கு அவள் கைபேசி அடித்தது. பில் எழுதும்போது ராகேஷ் இரண்டாவது நம்பராக வாங்கியது. காதர் பாய்.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. நாலு மணிக்கு ராகேஷு கம்பெனிக்கு ஆர்டர் லிஸ்ட்டு அனுப்புறான். இத உட்டா அடுத்த மாசந்தான். வீட்டுலயே அளந்து ஒரு மெசேஜ் போடுங்க. சென்டிமீட்டர்ல போட்டா ரொம்ப நல்லது. அரை இஞ்சு தப்புனாலும் சைஸு மாறிடும். வந்தப்புறம் ரிட்டன் கெடையாது."

"சரி பாய்."

"இன்னொன்னும்மா." குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பத்தொம்பத ராகேஷு இன்னும் எடுத்து வச்சிருக்கான். சார் போன் பண்ணி அதுதான் வேணும்னா அவன் குடுத்துடுவான். யாவாரம். நான் ஒன்னும் பண்ண முடியாது."

போனை வைத்துவிட்டு அறை வாசலில் நின்று அவர் சொன்னதை அப்படியே சொன்னாள். பத்தொன்பதைப் பற்றிச் சொன்னதையும் விடவில்லை. சந்திரசேகரன் கேட்டுக்கொண்டிருந்தான். கையில் அவனுடைய பழுப்பு நிற பேண்ட் ஒன்று இருந்தது. அடியை உள்புறம் தெரியத் திருப்பி, மடிப்பைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தான்.

"நல்லாத்தான் தச்சிருக்க" என்றான். "வெளிய தையலே தெரியல."

"கை ஹெம்மிங். மெஷின்ல போட்டா தெரியும்."

"எங்கப்பா எழுதுனதுதான் அது. நான் பாக்குறதுக்குள்ள தபால்ல போயிருச்சு. அப்புறம் என்ன பண்றது. உங்கப்பாவுக்குப் போன் போட்டு, மாமா, மூணு இஞ்ச கழிச்சுக்குங்கன்னு சொல்றதா?"

அவள் சிரித்துவிடுவாள் போலிருந்தது. அவன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"எந்த இஞ்சுக்கு வேணும்னாலும் நான் மடிச்சுத் தர்றேன்" என்றாள். "சைக்கிள மடிக்க எனக்குத் தெரியாது. ஆகஸ்ட் பதினஞ்சு போவீங்க. அதுக்கப்புறமும் டெய்லி போவீங்க. அந்த ரோட்டுல லாரி வரும். நான் ஜன்னல்ல நின்னு பாத்துட்டே இருக்கணும். என்னால ஆகாது. நக்கோன்னா வேணாம்னு சொல்லிடுங்க, சைக்கிளே வேணாம். வாங்குறதுன்னா எழுந்து நில்லுங்க."

மழை நின்றிருந்தது. மாடியில் பிள்ளைகள் ஓடுகிற சத்தம் கேட்டது. சுவர்க் கடிகாரத்தில் மூன்று இருபது.

அவன் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தான். ஒன்று. இன்னொன்று. சாக்ஸையும் கழற்றினான். சேறு ஒட்டிய ஷூவை யூனிபார்ம் படாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். எழுந்து போய்ச் சுவரில் முதுகு வைத்து நின்றான். வெறுங்காலில் அவர்கள் இருவரும் ஒரே உயரம். எப்போதும் அப்படித்தான். இன்றைக்கு அதைப் பார்க்காத மாதிரி இருக்க முடியவில்லை.

சுப்ரியாவின் பள்ளிக்கூட அட்லஸை எடுத்துக் கொடுத்தாள். அட்டை தடித்தது, விளிம்பு நேரானது. அவன் அதைக் கால்களுக்கு நடுவில் வைத்து மேலே இழுத்துப் பிடித்தான்.

"இன்னும் கொஞ்சம் மேல. இறுக்கி."

"ம்."

"குதிகால் செவுத்துல ஒட்டியிருக்கட்டும்."

டேப்பின் பித்தளை நுனியை விரலால் பிடித்துக்கொண்டு அவன் காலடியில் மண்டியிட்டாள். நுனியைத் தரையில் வைத்து அழுத்தினாள். மறுகையால் டேப்பை அட்லஸின் மேல்விளிம்புக்கு இழுத்தாள். எத்தனையோ பேருக்கு அளவெடுத்த கை.  எண்ணைப் படிக்கக் கண்ணைக் கிட்டக் கொண்டுபோனாள்.

அவன் கை கீழே வந்து டேப்பை மூடிக்கொண்டது.

"பாஸ்போர்ட்டுக்காக உன் டென்த் சர்ட்டிபிகேட்டத் தேடுனேன்" என்றான் சந்திரசேகரன். அவள் உச்சந்தலைக்கு மேலே எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "ரெண்டாயிரத்து ஆறுல. நீ உங்கப்பா வீட்டுக்குப் போயிருந்த. டிரங்குப் பெட்டில, பட்டுப்புடவைக்கு அடியில இருந்துச்சு. பாத்துட்டு, இருந்த மாதிரியே வச்சுட்டேன். யார்கிட்டயும் சொல்லல."

டேப் அவன் விரல்களுக்குள் இருந்தது. அவள் நிமிரவில்லை.

"நான் நிக்கிறேன், சுந்தரி. அளந்துக்க. மொதல்ல நீ சொல்லு. உனக்கு என்ன வயசு?"